அம்மாவின் அஸ்தியோடு ஊருக்கு

அம்மா எங்களோடு வெளிநாட்டில் இருந்தபோது தவறினார். தகனமும் அங்கேயே முடிந்தது. அப்பாவை வைத்த எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்ணில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். இந்த முறை ஊருக்குப் போனது அதற்காகத்தான். இதே வேலையாகப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கலசம். பளபளக்கும் பித்தளைக் கலசத்தைக் காட்டினார்கள். நல்லவேளையாக விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு மரப்பெட்டி வாங்கினேன். உலோகத்துக்குள் இருப்பது எக்ஸ்ரேயில் தெரியாது. தெரியாததைச் சோதனையில் விட மாட்டார்கள். இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கைப்பையில் இருந்தன. சோதனையில் சிக்கல் எதுவும் இல்லை. விமானத்தில்தான், மடியில் இருந்த பெட்டியை மேலே வைக்கச் சொன்னார் பணிப்பெண். என்னவென்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

ஊரில், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்கு அலுவலகத்தில் இரண்டு நாள் போனது. ஆன்லைனில் எடுத்த சான்றிதழில் சீல் இல்லை என்பது குமாஸ்தாவின் குறை. சீல் வைக்கும் வழக்கமே அங்கே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர நகரவில்லை. மூன்றாம் நாள் கோயிலின் குருவான சாமியாரைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் நாளே அவரைப் பார்த்திருக்கலாம்.

பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம்: "எரிச்சவங்களைக் கோயில் மண்ணில் வைக்கலாமா சாமி?" கத்தோலிக்கத் திருச்சபை 1963லேயே தகனத்துக்கு இடம் கொடுத்துவிட்டது, இன்னமும் உடலடக்கத்தையே விரும்புகிறது, ஆனால் தடை இல்லை என்று சாமியார் சொன்னார். அஸ்தியை வீட்டில் வைப்பது, தூவுவது, பிள்ளைகள் பங்கு போடுவது எல்லாம் கூடாது என்று 2016இல் வத்திக்கான் எழுதியது. இதைக் கேட்டதும் தங்கையின் முகம் வாடியது. கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். 2023 டிசம்பரில் அதைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறார்கள். இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறிய பகுதியை வைக்க, திருச்சபை அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். கேட்டு, பதில் வர எங்களுக்கு நாள் இல்லை.

அஸ்தி வைக்கும் தோட்டம் கோயில் மதிலை ஒட்டிய ஒரு நீளப் பாத்தி. தனித்தனிக் கல் கிடையாது, பெயர்த் தகடுகள் மதிலில். வார்னிஷ் அடித்த எங்கள் பெட்டியை மண்ணில் வைக்கக்கூடாதாம், மக்கிப்போகிற எதுவானாலும் சரி. ஆசையாகப் பெயர் பொறித்து வாங்கிய பெட்டி. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிச்சம். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சுடாத மண்கலயம் ஒன்று கொண்டுவந்தார்.

பெட்டிக்குள் இருந்த பையைப் பிரித்தபோதுதான் அஸ்தியை முதன்முதலாகப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. எலும்பை அரைத்த பொடி அது. வெளிர் சாம்பல் நிறத்தில் கரடுமுரடான மணல் போல, கனமாக. கலயத்தில் விழும்போது சரசரவென்று சத்தம் கேட்டது.

அதன்மேல் ரோஜா நட வேண்டும் என்றாள் தங்கை. "பட்டுப்போயிடும் தம்பி," என்று என்னிடம் சொன்னார் கோயில்பிள்ளை. அஸ்தியில் காரமும் உப்பும் அதிகம், நேராக வேர் பட்டால் செடி தாங்காது. ஏற்கனவே இரண்டு செடி அப்படிப் போயிருக்கின்றனவாம். ஓரடி தள்ளி, வேறு மண் போட்டு நட்டோம்.

ஜெபம் நீளமில்லை. சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார், ஆளுக்கொரு கை மண் போட்டோம். பெயர்த் தகடு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அம்மாவின் ஞானஸ்நானப் பெயரை எழுத்துக்கூட்டி, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதிவேட்டில் அது வேறு மாதிரி இருந்தது.

கை கழுவப் போகும்போது கோயில்பிள்ளை கூப்பிட்டார். பையின் அடியில் கிடந்த வட்டமான சின்ன உலோகத் தகடு, தகனத்தின்போது ஆள் மாறாமலிருக்கக் கூடவே போடுவது, எண் மட்டும் பொறித்திருந்தது. "இது மக்காது, எடுத்துக்கங்க" என்றார். தங்கை வாங்கி, எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு, பர்ஸில் போட்டுக்கொண்டாள்.