உப ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அனுமதிக் கடிதத்தின் பிரதியை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கங்களில் அரச வேலைகளை உப ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் சிறிய கொந்தராத்துக்காரர்களும், அவர்களிடம் வேலை செய்யும் மேசன்மாரும் கூலியாட்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் அண்ணன் மேசன் வேலையிலிருந்து வளர்ந்து, வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, சிறு கட்டட வேலைகளை நடத்தி வருகிறார். கணக்குப் புத்தகங்களும், ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைப் பதியும் வரவுப் புத்தகமும் என் பொறுப்பு. பிரதேச சபைகள் சட்டத்துக்கு 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னர் தோட்டங்களுக்குள்ளும் சபை நிதியில் வேலை செய்ய வழி பிறந்தது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் பாதை, வடிகான், தாங்குசுவர் வேலைகள் கிடைக்கத் தொடங்கின.

அப்படியொரு தோட்டப் பாதை வேலையை எடுத்திருந்த பிரதான ஒப்பந்தக்காரர், கல் கட்டையும் வடிகானையும் செய்து தரும்படி அண்ணனைக் கேட்டார். அரச ஒப்பந்தங்களில் வேலையின் எந்தப் பகுதியையும் வேறொருவருக்குக் கொடுப்பதாயின் வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துமூல முன்னனுமதி வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்ததால், அந்த அனுமதியைக் காட்டும்படி கேட்டோம். இரண்டாம் நாளே உள்ளூராட்சி மன்றத்தின் தலைப்புக் கடிதத்தில் முத்திரையோடும் கையொப்பத்தோடும் ஒரு நிழற்படப் பிரதி வந்தது. "தம்பி, எல்லாம் சட்டப்படிதான்" என்றார். அந்தக் கடிதம் போலியானது. அத்தகைய கடிதம் எதுவும் தங்களால் வழங்கப்படவில்லை என்று மன்றம் பின்னர் எழுத்தில் அறிவித்தது.

அவர் செய்த மோசடியின் முக்கியமான பகுதி கழிவுகளில் இருந்தது. ஒவ்வொரு பில்லிலும் எங்கள் ஆட்களின் சம்பளத் தொகையில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று 20 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கென்று 3 வீதமும் கழித்தார். எல்லாரும் அவருடைய பதிவிலக்கத்தின் கீழேயே இருப்பதாகவும், பணத்தைத் தானே கட்டுவதாகவும் சொன்னார். அதற்கு மேல் காப்புறுதிக்கென்று ஒரு தொகையும், வேலை முடிந்த பின் விடுவிப்பதாகப் பிடித்துவைக்கும் தடுத்துவைப்புப் பணமாகப் பில் தொகையில் 10 வீதமும் கழிந்தன. மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பையனின் கணுக்கால் உடைந்தபோதுதான், அவர் காட்டிய வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி அந்த வேலைக்கு முன்பே காலாவதியாகியிருந்தது தெரிந்தது. வைத்தியச் செலவை அண்ணன் ஏற்றார். சேமலாப நிதியைப் பற்றிய சந்தேகம் அன்றிலிருந்தே எனக்கு எழுந்தது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லாரும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியர்களை மட்டும் காப்பதல்ல; நாட்கூலிக்கும் துண்டு வேலைக்கும் வந்தவர்களும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அதற்குள் அடங்குவர். ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடியது 8 வீதம் மாத்திரமே. மற்ற 12 வீதமும், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி நம்பிக்கை நிதியத்துக்குச் செல்லும் 3 வீதமும் தொழில்தருநரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் சேமலாப நிதி கட்டப்படாவிட்டால், தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தோட்டத்தில் ஆயுள் முழுவதும் உழைத்த நம் தாய்மாருக்கு இந்த நிதியின் பெறுமதி நன்றாகத் தெரியும். ஓய்வுபெறும்போது அவர்கள் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான். அதனால்தான், எங்கள் பில் பணத்தை ஏமாற்றியதைவிட இந்தப் பணத்தைக் கட்டாமல் விழுங்கியதையே பெருங்குற்றமாக நான் கருதுகிறேன்.

ஆட்களின் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டபோதெல்லாம் "வரும், வரும்" என்றவர், வேலை முடிந்து தடுத்துவைப்புப் பணத்தைக் கேட்டபோது, மன்றம் இன்னும் தனக்கே அதை விடுவிக்கவில்லை என்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மன்றத்தில் விசாரித்தால், கோப்பில் எங்கள் பெயர் இல்லாததால் எங்களோடு பேச இயலாது என்ற பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதிலில் பிழை காண முடியாது; மன்றத்தின் ஒப்பந்தம் அவரோடு மட்டுமே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமே இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது. கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தக் கடிதம், அளவைத் தாள்கள், கொடுப்பனவு வவுச்சர்கள் ஆகியவற்றின் பிரதிகளை மன்றத்திடம் நான் கேட்டேன். சம்பளப் பட்டியல்களில் தங்கள் பெயர் இருக்கும் பக்கங்களை ஆட்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். வந்த பிரதிகளின்படி, தடுத்துவைப்புப் பணத்தை வங்கி உத்தரவாதம் ஒன்றைக் கொடுத்து அவர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தார். வேலையின் எந்தப் பகுதியும் உப ஒப்பந்தமாகக் கொடுக்கப்படவில்லை என்ற உறுதிமொழியும் கோப்பில் இருந்தது. அதை நிரூபிக்கவே எங்கள் ஆட்களைத் தம் நேரடி ஊழியர்களாகக் காட்டிப் பட்டியல்களைச் சமர்ப்பித்திருந்தார். அவற்றிலிருந்த கையொப்பங்கள் ஆட்களுடையவை அல்ல.

அந்தப் பட்டியல்களே அவருக்கு எதிரான சான்றாயின. தொழில் அலுவலகத்தில் ஆட்கள் முறைப்பாடு செய்தபோது, அவர்கள் தம் ஊழியர்களே அல்லர் என்று அவர் மறுத்தார். அவரே அரச அலுவலகத்துக்குக் கொடுத்த பட்டியலைக் காட்டியதும் அந்த மறுப்பு நிற்கவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. நிலுவை தீர்மானிக்கப்பட்டும் கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம் போல அதை அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு.

எங்கள் சொந்தப் பணத்தின் நிலைமை கடினமானது. செய்த வேலைக்கான கூலியை எழுத்துமூல ஒப்பந்தமின்றிக் கோருவதாயின், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடங்கள் உண்டு. எங்களிடம் கையொப்பமிட்ட உடன்படிக்கை இருந்ததால் வழக்கறிஞர் மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். வாய்ப்பேச்சில் வேலை செய்தவர்கள் ஒரு வருடம் கழிவதற்குள் சட்ட ஆலோசனை பெற வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று இழுத்தடிப்பதன் நோக்கமே பெரும்பாலும் அந்த வருடத்தைக் கடத்துவதுதான் என்பது என் எண்ணம்.

ஆகவே, அனுமதிக் கடிதத்தை ஒப்பந்தக்காரரின் கையிலிருந்து வாங்காமல், கடித இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு அதை வழங்கிய அலுவலகத்திலேயே நேரில் சரிபாருங்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் அவருடைய பதிவு நடைமுறையில் இருக்கிறதா, அந்தப் பதிவின் தரம் வேலையின் பெறுமதிக்குப் போதுமா என்பதையும் பாருங்கள். சேமலாப நிதிக் கழிவை அவர் கையில் விடாமல், உங்கள் ஆட்களை உங்கள் பதிவிலக்கத்திலேயே சேர்த்து நீங்களே கட்டுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் காலாவதித் திகதியையும் வேலைத்தளத்தின் பெயரையும் வாசியுங்கள்.

அந்தப் பாதை வேலையில் வேறு குழுக்களும் இருந்தன. அவர்களில் யாரேனும் உறுப்பினர் இலக்கம் இல்லாமல் இருந்தால், தேசிய அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். எங்கள் வரவுப் புத்தகத்தில் மற்றக் குழுக்களின் பெயர்களும் நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன. கேட்பவர்களுக்கு உரிய பக்கங்களின் பிரதியை நான் கையொப்பமிட்டுத் தருவேன்.