6 வோல்ட்டா, 11 வோல்ட்டா? பழைய பிக்கப்புக்கு க்ளோ ப்ளக் வாங்கும் முன்

என் பழைய மிட்சுபிஷி ஸ்டோர்ம் பிக்கப்பில் க்ளோ ப்ளக் (குளிர்ந்த டீசல் எஞ்சின் எழ, உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் மின்சாரக் குச்சி) போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தது நானல்ல, பக்கத்து வீட்டு அக்கா. “தம்பி, காலையில நீங்க வண்டி எடுக்கிறதுக்குள்ள நான் காயப்போட்ட துணியெல்லாம் உள்ள எடுக்க வேண்டியிருக்கு” என்றார். உண்மைதான். பினாங்கின் பிறை ஊரில் விடியற்காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் பத்துப் பன்னிரண்டு வினாடி ஸ்டார்ட்டர் அரைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு சிலிண்டர் பிடிக்கும், கொஞ்சம் கழித்து இன்னொன்று. வெள்ளைப் புகை வேலியைத் தாண்டி நேராக அவர் கொடிக்குப் போகும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்தப் புகை எரியாமல் போகிற டீசல். லிட்டர் 2.15 வெள்ளிக்கு விற்றவரை நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2024 ஜூன் 10 அன்று 3.35 வெள்ளி ஆனதும்தான் புகை என் மூக்கிலும் ஏறியது.

“பினாங்கு வெயிலுக்கு க்ளோ ப்ளக் எதுக்குண்ணே?” என்று பட்டறையில் யாராவது கேட்பார்கள். அது எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. 2005-க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் விகோ போன்ற வண்டிகளில் டீசல் நேராக பிஸ்டன் தலைமேலேயே பீய்ச்சப்படுகிறது. நம் ஊரின் 24 டிகிரி காலையில், ப்ளக் இரண்டு செத்திருந்தாலும் அது முனகிக்கொண்டே எழுந்துவிடும். ஸ்டோர்மின் 4டி56, பழைய ஹைலக்ஸின் 2எல், 3எல் எல்லாம் வேறு ரகம். இவற்றில் டீசல் முதலில் சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் போய் விழுகிறது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டை அந்த அறையின் குளிர்ந்த சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. 21-க்கு 1 என்று அவ்வளவு அமுக்கியும் டீசல் பற்றாமல் அடம்பிடிப்பது அதனால்தான். ஆக, விகோக்காரர் அடுத்த மாதச் சம்பளம் வரைக்கும் தள்ளிப்போடலாம். நாம் தள்ளிப்போட்டால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

சரி, மாற்றுவது என்று முடிவாயிற்று. கடையில் எல்லாரும் முதலில் கேட்பது பிராண்டை. நானும் அப்படித்தான் கேட்டேன். பிராண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ப்ளக்கின் உடம்பில் பொடி எழுத்தில் அடித்திருக்கும் வோல்ட் எண். 12 வோல்ட் பேட்டரி வண்டிக்கு 12 வோல்ட் ப்ளக்தானே என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். 4டி56 என்ற ஒரே எஞ்சினுக்கு, எந்த வருடம், எந்த டைமர் (ப்ளக்குக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பெட்டி) என்பதைப் பொறுத்து 6 வோல்ட் ப்ளக்கும் உண்டு, 11 வோல்ட் ப்ளக்கும் உண்டு. இரண்டும் 10 மில்லிமீட்டர் மரை, பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. சுழற்றினால் இரண்டுமே பொருந்தும்.

வித்தியாசம் வேலை செய்யும் முறையில். 6 வோல்ட் ப்ளக்குக்கு முதல் சில வினாடி பேட்டரியின் முழு வேகத்தையும் கொடுத்து, பழுத்ததும் டைமர் வெட்டிவிடும், அல்லது ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துக் கொடுக்கும். சீக்கிரம் சூடேறும், ஆனால் கூடவே காவல் இருக்க வேண்டும். 11 வோல்ட் ப்ளக் நிதானம். அதற்குள்ளேயே இன்னொரு சுருள் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் தடை கூடி, மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

என் வண்டி 11 வோல்ட். கடைக்காரர் எடுத்துப் போட்டது 6. நான் எண்ணைப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். முதல் மூன்று நாள் சொர்க்கம்! டேஷ்போர்டில் க்ளோ விளக்கு அணைவதற்குள் எஞ்சின் துள்ளி எழுந்தது. “பார்த்தீங்களா, புது ப்ளக்” என்று அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் பழையபடி புகை. டெஸ்டரை வைத்தால் மூன்று ப்ளக் செத்துப்போயிருந்தன. நான்காவதைக் கழற்றும்போது மரை முழுக்க விட்டும் வெளியே வரவில்லை. முனை பழுத்து உப்பிவிட்டது, துளைக்குள் சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டு, இடதும் வலதுமாகச் சிறுகச் சிறுகத் திருப்பி இழுக்க முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது நுனி தீக்குச்சித் தலை மாதிரி இருந்தது, ஒரு பக்கம் வெடிப்பு. அது உள்ளே ஒடிந்து விழுந்திருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி அந்த வழியாகப் பொறுக்கலாம். இல்லையென்றால் ஹெட்டையே இறக்க வேண்டும்.

இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது 6 வோல்ட் வண்டியில் 11 வோல்ட் ப்ளக்கைப் போட்டால், ஒன்றும் உடையாது. டைமர் வெட்டும் நேரத்துக்குள் அது பழுக்காது, காலையில் அதே இருமல் தொடரும், அவ்வளவுதான். தப்புப் பண்ணியே ஆக வேண்டும் என்றால் இந்தப் பக்கமாகப் பண்ணுங்கள்.

நிபோங் திபாலில் என் மச்சான் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று டைமரை ஓரங்கட்டிவிட்டு, டேஷ்போர்டில் ஒரு அமுக்கு சுவிட்ச் வைத்திருக்கிறார். டைமர் கெட்ட பழைய வண்டிகளுக்கு நம் பக்கத்தில் இது பழகிப்போன வைத்தியம். மலிவு, எளிது, 11 வோல்ட் ப்ளக்குக்கு ஒத்தும் வரும். ஆனால் நான்கு ப்ளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை நேராக சுவிட்ச் வழியாக விட்டால் ஒயர் உருகும். நடுவில் கனமான ரிலே ஒன்றும் ஃபியூஸும் இல்லாமல் செய்யக் கூடாது. அப்புறம், அமுக்குவது மனிதர். மச்சான் பத்து எண்ணுவார். ஒருநாள் அவர் மகன் வண்டி எடுத்தான், போனில் பேசிக்கொண்டே அமுக்கிக்கொண்டிருந்தான். 6 வோல்ட் ப்ளக் வண்டியில் இந்த சுவிட்ச் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. டைமரைச் சரிசெய்ய வழி இருந்தால் எந்த வண்டியிலும் டைமர்தான்.

பிராண்டு பற்றியும் சொல்ல வேண்டும். டென்சோ, என்ஜிகே, பாஷ் போன்ற பெயருள்ள பெட்டி ஒரு பக்கம், பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி மறுபக்கம். வெள்ளைப் பெட்டியில் சில நன்றாகவே உழைக்கின்றன. எனக்குப் பயம் ஆயுளைப் பற்றியல்ல, சாகும் விதத்தைப் பற்றி. நல்ல ப்ளக் பெரும்பாலும் உள்ளே சுருள் அறுந்து சத்தமில்லாமல் போகும். மட்டமானது உப்பும். மேலே சொன்ன முக்கால் மணி நேரத்தை ஒருமுறை அனுபவித்தவனுக்கு விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் ஜப்பான் எஞ்சினிலிருந்து கழற்றிய ப்ளக் கிடைக்கும். டைமரோ ரிலேயோ அங்கே வாங்குங்கள், ப்ளக் வாங்காதீர்கள்.

செராமிக் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டே வினாடியில் 1000 டிகிரி தொட்டுவிடும், சந்தேகமில்லை. ஆனால் அது பிறவியிலேயே செராமிக் மாட்டி வந்த புது எஞ்சின்களுக்கு. நம் டைமருக்கு அதன் பாஷை தெரியாது. கை தவறிக் கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஓடும்போது உடையும். விட்டுத் தள்ளுங்கள்.

ஒன்று செத்தால் ஒன்றா, நான்குமா? நான்கும். நான்கும் ஒரே வயது, இணைப்புப் பட்டையைக் கழற்றும் வேலையும் ஒன்றுதான். எது செத்தது என்று தெரிந்துகொள்ள, பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ப்ளக் தலையிலிருந்தும் எஞ்சின் உடம்புக்கு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டினால் உயிர் இருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் போய்விட்டது. மலிவு மீட்டரின் ஒயரே கால் ஓம் தின்னும், அதனால் பாயின்ட் கணக்குக்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம்.

நீங்களே கழற்றுவதா, பட்டறையா? ப்ளக் கடைசியாக எப்போது வெளியே வந்தது என்பதைப் பாருங்கள். மூன்று நான்கு வருடத்துக்குள் என்றால் நீங்களே செய்யலாம். ஆழமான 12 சாக்கெட், மேல் நட்டுக்கு 8, வேறு ஒன்றும் வேண்டாம். முந்தின இரவே அடியில் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், மறுநாள் எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். கை பலத்துக்கு மேல் கேட்டால் நிறுத்திவிடுங்கள். 10 மில்லிமீட்டர் ப்ளக் 35 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் ஒடியும். பத்து வருடமாக அசையாத ப்ளக் என்றால் பட்டறைக்கே போங்கள், ஆனால் பணம் பேசுவதற்கு முன் “ஒடிஞ்சா யாரு பார்க்கிறது?” என்று கேட்டுவிடுங்கள். முகம் மாறாமல் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம். திரும்பப் பூட்டும்போது 15 நியூட்டன் மீட்டர் போதும். மேல் நட்டை விரலால் சுழற்றி, ராச்செட்டால் ஒரு சின்ன இழுப்பு. இரண்டாவது செட்டில் ஒரு ப்ளக்கின் தலையை நான் அங்கேதான் ஒடித்தேன். அந்த ஒன்றுக்காக மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் 6-ஐயே எடுத்து நீட்டினார்.

அன்றைக்கே பெட்டியின் பக்கவாட்டைப் போனில் படம் எடுத்துவைத்தேன். கிழித்த அட்டைத் துண்டு ரோட் டேக்ஸ் கவருக்குள் இருக்கிறது, மார்க்கர் பேனாவில் பெரிதாக 11 என்று எழுதி.