இறுகிய மணற்கல் கோர் சோதனை: அம்பத்தூர் ஆய்வகத்தில் துளைக் கணக்கை நம்பலாம், விரிசல் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்

காவிரிப் படுகையின் ஆண்டிமடம், புவனகிரி மணற்கற்களைப் போன்ற ஆழத்துக் கோர்களை (கிணற்றிலிருந்து வெட்டியெடுக்கும் உருளைக் கல்) சோதனைக்குக் கொடுப்பவர்களுக்காக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தைப் பற்றிய மதிப்பீடு இது. ஊடுருவுதிறன் (கல்லின் வழியே வாயுவோ திரவமோ பாயும் எளிமை; மில்லிடார்சி அதன் அலகு) 0.1 மில்லிடார்சிக்குக் கீழே உள்ள இறுகிய கல்லுக்கே இங்கே சொல்வது பொருந்தும்.

முதலில் நல்லது. பிளக்கை (கோரிலிருந்து வெட்டிய சிறு உருளை) டொலுயீனிலும் மெத்தனாலிலும் கழுவிய பிறகு, 60 டிகிரியில், 40 முதல் 45 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்துகிறார்கள். அவசரத்துக்கு 110 டிகிரி அடுப்பில் வைத்தால், துளைகளுக்குள் நூல் நூலாக நிற்கும் இல்லைட் களிமண் சுருண்டு படுத்துவிடும். அடைந்திருந்த வழி திறந்து, ஊடுருவுதிறன் உண்மையைவிடப் பல மடங்கு கூடித் தெரியும். உலர்ந்த பிளக்கை டெசிகேட்டரில்தான் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆற வைக்கிறார்கள். சென்னைக் காற்றில் மேசைமேல் விட்டால் எடை கூடிக்கொண்டே போகும் என்பதால் இது அவசியம்.

துளைமையை, அதாவது கல்லில் வெற்றிடத்தின் பங்கை, கண்டறியும் ஹீலியம் அளவீட்டிலும் பொறுமை இருக்கிறது. இறுகிய கல்லில் வாயு மெதுவாகத்தான் உள்ளே போகும். அழுத்தம் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க, அறிக்கையில் துகள் அடர்த்தியைப் பாருங்கள். குவார்ட்ஸ் மிகுந்த மணற்கல்லுக்கு அது கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராமை ஒட்டி வரும். 2.58 என்று இருந்தால், வாயு நிரம்புமுன் எடுத்த அளவாகவோ உப்பு சரியாகக் கழுவப்படாததாகவோ இருக்கலாம். மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

பாதரச ஊடுருவலை 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை செய்வதால், 4 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துளைக்கழுத்து (துளைகளை இணைக்கும் குறுகிய வழி) வரை கணக்கு கிடைக்கிறது. பாதரசம் ஏறிய துண்டு வேறு எதற்கும் உதவாது. அதனால் பிளக்கின் நுனித் துண்டை மட்டும், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு கொடுக்கிறார்கள். சரியான வரிசை.

குறை விரிசலில்தான். பிளக்குக்குள் 10 மைக்ரான் அகல விரிசல் ஒன்று நீளவாக்கில் முழுதாக ஓடினால் போதும்: 38 மில்லிமீட்டர் பிளக் ஏறத்தாழ 2.8 மில்லிடார்சி காட்டும். கல்லின் சொந்த மதிப்பு 0.01 ஆக இருந்தாலும் அப்படித்தான். துளைமையோ 0.03 சதவீதம்தான் கூடும். யார் கண்ணிலும் படாது. இந்த ஆய்வகம் சிடி ஸ்கேன் எடுக்காமலேயே, ஒரே ஒரு அழுத்தத்தில் அளந்த எண்ணை அட்டவணையில் போட்டுக் கொடுக்கிறது. அது கல்லின் எண்ணா விரிசலின் எண்ணா என்று வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இது சிறிய குறை அல்ல. அந்த எண்ணை நம்பித்தான் கிணறு முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

ஆகவே ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்: வெட்டியதும் சிடி ஸ்கேன், பிறகு பல்ஸ் டிகே முறையில் (பிளக்கின் ஒரு முனையில் சிறு அழுத்த உயர்வான பல்ஸைக் கொடுத்து, அது தணியும் வேகத்தை அளப்பது) 500, 1000, 2000, 4000 பிஎஸ்ஐ சுற்றழுத்தங்களில் (பிளக்கை வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தம்) அளவு. அழுத்தம் ஏற ஏற எண் செங்குத்தாக விழுந்தால், கோர் எடுக்கும்போதோ பிளக் வெட்டும்போதோ உண்டான வெடிப்பு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கால்சைட் படிகங்கள் முட்டுக்கொடுத்து நிற்கும் இயற்கை விரிசல் முழுதாக மூடாது. விரிசல் முகத்தில் கால்சைட், குவார்ட்ஸ் படிவோ வழுக்கிய கோடுகளோ இருக்கின்றனவா என்பதையும் கேட்டு வாங்குங்கள். முகம் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் அது கிணற்றுக்கடியில் இருந்த விரிசலாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஏசி விஷயம் இன்னொன்று. 1000 பிஎஸ்ஐ வாயுவில் ஒரு டிகிரி மாற்றம் 3 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தத்தை அசைக்கும். பல்ஸே சில சமயம் 10 பிஎஸ்ஐதான். இறுகிய பிளக் மணிக்கணக்கில் ஓடும் என்பதால், இரவில் ஏசியை அணைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விரிசல்கள் நெருக்கமாக இருந்தால் பிளக்கே வேண்டாம். முழு விட்டக் கோரை அனுப்புங்கள்.