பொம்மை குறைவு, வேலை அதிகம்: எங்கள் ஏரியா பிளே தெரபி மையம்

ஆட்டிசம் உள்ள என் மூன்று வயதுப் பையனைத் தாம்பரம் பக்கம் ஒரு சின்ன மையத்துக்குக் கூட்டிப் போகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

பந்துக்குளம், கலர் லைட் எல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு பாய், ஒரு ஊஞ்சல், அலமாரியில் மூடி இறுக்கின பிளாஸ்டிக் டப்பாக்களில் பொம்மைகள், அவ்வளவுதான். அந்த இறுக்கின மூடியில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே பொம்மை தெரியும், எடுக்க முடியாது, யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும். பையன் முதலில் டப்பாவை வீசினான், கத்தினான், அப்புறம் தெரபிஸ்டின் கையை இழுத்து மூடிமேல் வைத்தான், இப்போது டப்பாவை நீட்டிவிட்டு முகத்தைப் பார்க்கிறான்.

காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றுவதுதான் அவனுக்கு உலகம். முன்பு போன இடத்தில் அதைப் பிடுங்கிவிட்டு, மேஜையில் உட்காரவைத்துக் கலர் பெயர் சொல்லச் சொல்வார்கள், நம்மை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்திவிடுவார்கள். இங்கே அந்த மேடம் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தானும் ஒரு காரைக் கவிழ்த்துச் சுற்றினார். அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். 'ஒன்... டூ...' என்று நிறுத்திவிட்டு அவர் காத்திருந்த நேரத்தில் எனக்கே வாய் துறுதுறுத்தது, கடைசியில் அவன் 'ஈ' என்றான். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் வகுத்த ஃபுளோர்டைம் முறை இது. பெற்றோரில் ஒருவர் உள்ளேயே இருக்கவேண்டும், கடைசிக் கொஞ்ச நேரம் நம்மை விளையாடவிட்டு மேடம் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறான், எனக்குப் பிடித்ததே இதுதான்.

'பேச வைத்துக் காட்டுகிறோம், முழுக்கக் குணமாக்குகிறோம்' என்கிற பேச்சு இங்கே இல்லை. அப்படி போர்டு வைத்திருக்கும் இடங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மறுவாழ்வுத் துறையில் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான ஆர்.சி.ஐ.யின் பதிவைக் கேட்டேன், முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.

குறை என்றால், காய்ச்சல் என்று வராவிட்டாலும் அன்றைய பணம் போனது போனதுதான். பில்லுக்குத் துண்டுச் சீட்டு தருகிறார்கள். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் தெரபி செலவைத் திரும்ப வாங்க நினைப்பவர்கள் முறையான ரசீதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இதைவிடப் பெரிய தலைவலி கீழே இருக்கும் வெல்டிங் பட்டறை, அங்கே சத்தம் கிளம்பினால் பையன் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான், பாதி செஷன் காலி. சேர்ப்பதானால் காலை ஸ்லாட்டே கேளுங்கள், பட்டறை பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கிறது.