பிரஷர் பார்க்கும் மேசை

இந்த முறை பினாங்கு போனபோது அக்கா மகளோடு மருந்துக்கடை ஏறி இறங்கியதுதான் அதிகம். கல்லூரியில் படிக்கிறாள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வராது, வந்தால் லேசில் நிற்காது. அதைச் சீராக்க டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உலகம் முழுக்க பிசிஓஎஸ்ஸுக்கு இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் கல்யாணம் ஆகாத பெண் பினாங்கின் ஜெலுத்தோங்கில் அதை வாங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இந்த மாத்திரைக்காக மாதாமாதம் கிளினிக்கில் போய் உட்கார வேண்டியதில்லை. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி இது 'சி' பிரிவு மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளர் கொடுக்கலாம். அவசர கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். கொடுக்கும்போது மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும், வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்தின் விலையை எல்லாரும் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்திருக்கிறது. விலை ஏற்றத்தைக் கட்டுப்படுத்தக் கொண்டு வந்தது என்றாலும், கூச்சப்படும் பெண்ணுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. "இது எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

சட்டத்தில் கஷ்டம் இல்லை. கஷ்டமெல்லாம் கவுண்டரில்தான்.

நாங்கள் முதலில் போனது பேரங்காடி ஒன்றில் இருக்கும் பெரிய கடை. முகப்பூச்சுக்கும் ஷாம்புவுக்கும் பாதிக் கடை, மருந்துக்குக் கடைசியில் ஒரு மூலை. அந்த மூலையில்தான் பணம் கட்டும் வரிசையும் வளைந்து நிற்கிறது. அக்கா மகள் மாத்திரையின் பெயரை மெதுவாகத்தான் சொன்னாள். கவுண்டரில் இருந்த பிள்ளை உள்ளே திரும்பி, "மிஸ், பில் பெரஞ்சாங் சத்து!" (கருத்தடை மாத்திரை ஒன்று) என்று குரல் கொடுத்தது. வரிசையில் இருந்த சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் புரியும் மலாய். அப்புறம் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், முகவரி, போன் நம்பர், எல்லாம் வாய்வழியாக. முகவரி பாதியில் இருக்கும்போதே பின்னால் நின்ற அம்மா ஒருவர், "ஏம்மா, நீ டீச்சர் மகதானே? உடம்புக்கு என்ன?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாசத்தில்தான் கேட்டார். பாசம்தான் இங்கே ஆபத்து.

மருந்தாளர் வந்தார். கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டார்: சிகரெட் பிடிப்பீர்களா, ரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்தது உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா. எல்லாவற்றுக்கும் இவள் "இல்லை, இல்லை" என்று தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கார் நிறுத்தும் இடத்தில் சொன்னாள்: "சித்தி, அந்தத் தலைவலி கேள்விக்கு ஆமான்னு சொல்லியிருக்கணும்." அவளுக்குத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு ஓடுமாம். அப்படிப்பட்ட தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்கே அம்மா கூடவே உட்கார்ந்திருந்தாராம், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்ததாம்.

அந்தரங்கம் என்றால் வெட்கம், மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். எனக்கு அன்று முதல் அது மருந்தின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாகத்தான் தெரிகிறது. பத்துப் பேர் காதில் விழும் கேள்விக்கு உண்மையான பதில் வராது. உண்மையான பதில் வராவிட்டால் மருந்தாளர் எவ்வளவு படித்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

வீட்டில் இதைப் பேசும்போது அக்கா சொன்னது, "தமிழ்ப் பிள்ளை யாராவது வேலை செய்யும் கடையாகப் போயிருக்கலாமே." இது பெரியவர்கள் கணக்கு. மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத என் அம்மாவுக்கு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மருந்து வாங்க, தமிழ் பேசும் ஆள் தெய்வம் மாதிரி. இளம்பெண்கள் கணக்கு நேர் எதிர். தமிழர் கடைகள் நிறைந்த லெபோ குவீன், லெபோ பாசார் தெருக்கள் பக்கம் இருக்கும் கடைகளுக்கு இவளும் இவள் தோழிகளும் இதற்காகப் போகவே மாட்டார்களாம். தமிழ் தெரியாத ஆள் இருக்கும் கடையாகத் தேடிப் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டு வீட்டுக்கு வரவழைக்கலாமே என்றேன். வீட்டுக்கு வரும் பார்சலை எந்த அம்மா பிரிக்காமல் வைப்பார் என்று திருப்பிக் கேட்டாள். சரிதான்.

அவள் தோழி ஒருத்தி சொல்லி ஆயர் ஈத்தாமில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். நடுத்தர வயது சீனப் பெண்மணிதான் மருந்தாளர். இங்கே பல கடைகளில் இருப்பதுபோல ரத்தக் கொதிப்பு பார்க்க ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் வைத்திருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அதைக் கடையின் உள்பக்கம், உயரமான ஷெல்ஃபுக்குப் பின்னால் போட்டிருக்கிறார். இவள் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே, "வா, முதலில் பிரஷர் பார்த்துவிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். வெளியே நிற்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. பிரஷர் பார்க்காத குடும்பம் பினாங்கில் ஏது? ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து பெயர், ஐசி, முகவரியை அவளையே எழுதச் சொன்னார். நான் கூடப் போகப் பார்த்தபோது, "ஆன்ட்டி, நீங்கள் இங்கேயே இருங்கள்" என்று சிரித்தபடி நிறுத்திவிட்டார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. தலைவலி விவரத்தைக் குறித்து டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். டாக்டர் பிறகு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைக்கு மாற்றிவிட்டார்.

இங்கிலாந்தில் மருந்துக்கடைகளில் ஆலோசனைக்குத் தனி அறை இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அங்கே பல கடைகளில் மருந்தாளரே பிரஷர் பார்த்து, கேள்வி கேட்டு, கருத்தடை மாத்திரையை முதல் தடவையிலிருந்தே இலவசமாகத் தொடங்கிக் கொடுக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து அவசர மாத்திரையும் கடைகளில் இலவசம். ஏற்பாடு அருமை. ஆனால் அந்த அறைகளில் பாதி, அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கும் ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு பெண் போனால் எதற்கென்று வெளியே நிற்பவர் ஊகித்துவிடலாம். பிரஷர் மேசைக்கு அந்தக் குறை இல்லை.

தான்சானியாவின் ஷின்யாங்கா வட்டாரத்தில் 'மால்கியா கிளாபு' என்று ஒரு திட்டம் நடத்தியிருக்கிறார்கள். 15 முதல் 24 வயதுப் பெண்களுக்கு மருந்துக்கடையில் ஓர் உறுப்பினர் அட்டை. அதில் இருக்கும் படத்தைக் காட்டினால் போதும், வேண்டிய பொருள் வந்துவிடும், வாய் திறக்க வேண்டாம். எச்ஐவி சுயபரிசோதனைக் கருவியைக்கூட இப்படி வாங்கலாம். நம்மூர் பேரங்காடிக் கடைகளில் எல்லாரிடமும் புள்ளி சேர்க்கும் அட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஷாம்புவுக்குத் தள்ளுபடி கொடுக்கிற அந்த அட்டையில் நாலு படம் போட எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னொன்று, பை. பினாங்கில் 2011-லிருந்து பிளாஸ்டிக் பை இலவசம் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆயர் ஈத்தாம் கடையில் இருமல் மருந்தோ எதுவோ, எல்லாருக்கும் ஒரே மாதிரி காகித உறை. எல்லாருக்கும் ஒரே உறை என்பதுதான் முக்கியம். இதற்கு மட்டும் கறுப்புப் பை என்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மதிய உணவு நேரத்திலும் இரவிலும் பெரிய கடைகளில்கூட மருந்தாளர் இல்லாமல் போவதுண்டு, அவர் இல்லாவிட்டால் 'சி' பிரிவு மருந்து கிடைக்காது, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அக்கா மகள் இப்போது மாதாமாதம் பஸ் பிடித்து ஆயர் ஈத்தாம் போகிறாள். பேரங்காடிக் கடையைவிட அங்கே சில வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். விலைப் பட்டியலைப் பார்த்து நான் முணுமுணுத்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை.