ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பசை: தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கோடை

கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டை அதன் மேல் உட்காரும் உலோகத்துக்குக் கடத்த நடுவில் வைக்கிற பசை இது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அது வேலை செய்யும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் எங்கள் வீட்டு மாடியறை. மேலே தகரம். பக்கத்து அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓடுவதால் காகிதத் தூள் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வரும். இங்கேதான் டெய்லி காலண்டர் தாள், மாதக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டிசைன் செய்கிறேன். கம்ப்யூட்டர் 2014-இல் அசெம்பிள் செய்தது: இன்டெல் ஐ5-4570 பிராசசர் (கணக்குப் போடும் முக்கியச் சில்லு), 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

2023 ஜூனில் அது படுத்தத் தொடங்கியது. டிசைன் செய்யும் சாஃப்ட்வேரான கோரலைத் திறந்து இருபது நிமிடம்கூட ஆகாது, ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். இழுத்த படம் நகர அரை நிமிடம் ஆகும். கடைசியில் எல்லாம் உறைந்து நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பேன். சேவ் செய்யாதது போயிற்று. அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஜூன், ஜூலையில் ஒரு நாள் போனால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்த முருகன் படத்து வேலை அப்படித்தான் போனது. அன்று உண்மையாகவே அழுதேன்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அதே கதை. மறுபடி போனபோது, "போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிருங்க" என்று 28,000-க்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள். கேபினட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோயம்புத்தூரில் படிக்கிற என் தம்பி மகன் போனில் சொன்ன முதல் வார்த்தை, "அத்தே, எதையும் வாங்காதீங்க, மொதல்ல எவ்ளோ சூடுன்னு பாருங்க." கோர் டெம்ப் என்ற சின்ன சாஃப்ட்வேரைப் போடச் சொன்னான். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. கோரலைத் திறந்து ஒரு படத்தை ஏற்றியதும் ஏறி ஏறி 100-இல் நின்றது. இந்த பிராசசருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டதும் கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது என் கண் முன்னால் 0.8-க்கு இறங்கியது. படம் ஏன் நகரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவன் சொல்லச் சொல்ல நானே திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்க வேண்டும். பிறகு கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. காகிதத் தூள் கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தேன். மூடி மறுபடி ஓட்டினால் 91. தூசி மட்டும் போனதற்கே ஒன்பது டிகிரி குறைந்தது. பசை வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் இதைச் செய்யுங்கள், காசே ஆகாது.

மிச்சச் சூடு எங்கே என்று பார்க்க ஹீட்சிங்க்கைக் கழற்றினேன். பிராசசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் அந்த அலுமினியத் தகட்டுக் கட்டிதான் அது. இன்டெல் கூடவே வருகிற கூலர் நாலு பிளாஸ்டிக் பின்னில் போர்டைக் கவ்வி நிற்கும். பின் தலையில் அம்புக்குறி இருக்கும், அது காட்டுகிற பக்கம் கால் திருப்பு திருப்பி மேலே இழுத்தால் விடும். என்னுடையதில் ஒரு பின்னின் நகம் உடைந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த பழைய பசை காய்ந்து விபூதி மாதிரி உதிர்ந்தது. ஒன்பது வருடப் பசை. பிராசசரும் உலோகமும் பார்க்கச் சமமாக இருந்தாலும் நடுவில் நுணுக்கமான பள்ளங்கள் உண்டு, அதில் காற்று நின்றால் சூடு சரியாகக் கடக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை.

அப்படி வந்ததுதான் இந்த எம்எக்ஸ்-4. நாலு கிராம் குழாய், ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி இருக்கும். ஆன்லைனில் 500 ரூபாய்க்குப் பக்கம் கொடுத்தேன். நாலு பின் கொண்ட செட் மதுரையில் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய பசையைத் துடைக்க ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வேண்டும் என்றான் மருமகன். ஆஃப்செட் மெஷின் தண்ணீரில் கலப்பார்களே, அதே ஐபிஏதான். பக்கத்து அச்சகத்து அண்ணாச்சியிடம் ஒரு சின்ன பாட்டிலில் வாங்கி வந்தேன்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இதில் உலோகத் தூள் இல்லை, மின்சாரம் கடத்தாது. முதன்முதலாகக் கை வைக்கிறவர்களுக்கு இது பெரிய தைரியம். எனக்கு முதல் தடவை அதிகமாகப் பிதுங்கி ஓரத்தில் வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ரொம்பத் தண்ணியாகவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு போதும். விரலால் தடவ வேண்டாம், ஹீட்சிங்க்கை நேராக இறக்கி எதிரெதிர் மூலைப் பின்களை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் தானே பரவிவிடும். ஊறவைத்துக் காத்திருக்கும் வேலையும் கிடையாது. அப்போதே ஓட்டலாம்.

ஓட்டினேன். சும்மா இருக்கும்போது 41. அதே படத்தை ஏற்றி அரை மணி நேரம் வேலை பார்த்தும் 73-ஐத் தாண்டவில்லை. அறையில் அன்று நல்ல புழுக்கம். 91-இலிருந்து 73-க்கு இறங்கிய இந்தப் பதினெட்டு டிகிரியில் பின்னுக்கு எவ்வளவு, பசைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றினேன். அதனால் "பசை போட்டேன், 27 டிகிரி குறைந்தது" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சூடு இறங்கிய பிறகும் உறைவது முழுசாக நிற்கவில்லை! ஒரு நாளைக்கு ஒருமுறையாவது நின்றது. ஆனால் இது வேறு மாதிரி. ஃபேன் அமைதியாக ஓடுகிறது, கோர் டெம்பில் 60 காட்டுகிறது, மவுஸ் நகர்கிறது, கிளிக் மட்டும் எடுபடவில்லை, ஹார்ட் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் முன்பக்கத்துச் சின்ன விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போடச் சொன்னான் மருமகன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் இடம் இடமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கே வெளி டிஸ்க் ஒன்றை வாங்கி எல்லா ஃபைலையும் எடுத்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட உறையவில்லை. இரண்டு வியாதி ஒரே நேரத்தில் இருந்ததால்தான் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. உங்களுடையது ஃபேன் இரைச்சலோடு மெல்ல மெல்லத் தளர்ந்தால் சூட்டைப் பாருங்கள். இரைச்சலே இல்லாமல் அந்த விளக்கு எரிந்தபடி நின்றால் முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள், பசையை அப்புறம் பார்க்கலாம்.

குறை என்றால் இரண்டு. எவ்வளவு வைக்க வேண்டும் என்று புதிதாக வாங்குகிறவருக்குக் குழாயைப் பார்த்துத் தெரியாது. அடுத்தது போலிச் சரக்கு. சந்தையில் இருக்கிறது, அதனால் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஏஎம்டி பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஎம்4 வகை போர்டில் பழைய பசை ஒட்டிக்கொண்டு, ஹீட்சிங்க்கை இழுக்கும்போது பிராசசரே பிடுங்கிக்கொண்டு வந்து அதன் அடியில் இருக்கும் ஊசிகள் வளைந்துவிடலாம். கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, லேசாகத் திருகி எடுங்கள்.

2024, 2025 இரண்டு கோடையும் போய்விட்டது, பசையை மறுபடி மாற்றவில்லை. 2025 மே மாதத்து மத்தியான வேலையில் 75, 76 காட்டியது. இடையில் நான் செய்தது, மாதம் ஒருமுறை தூசி தட்டுவதும், கேபினட்டை டேபிளின் அடைத்த மரக்கூட்டிலிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் வைத்ததும்தான். அந்தக் கூட்டுக்குள் வெளியே தள்ளிய சூட்டையே மெஷின் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

பசைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குழாயில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அண்ணாச்சி அச்சகத்தில் பில் போடும் கம்ப்யூட்டரும் இப்போது இரைய ஆரம்பித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஐபிஏ அவரிடமே இருக்கிறது.