கதவடைப்பு ஆண்டில் எங்கே ஆடுவது: ஐரோப்பாவா, ஏ.எச்.எல்-ஆ?

சம்பள உச்சவரம்புத் தகராறில், 2004 செப்டம்பரில் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இன் அணி உரிமையாளர்கள் வீரர்களை ஆடவிடாமல் கதவடைத்தார்கள். 2005 பிப்ரவரி 16 அன்று அந்தப் பருவமே ரத்தானது. லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பை யாருக்கும் இல்லை. வேலையிழந்த இளம் ஐஸ் ஹாக்கி வீரர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: ஐரோப்பிய கிளப்கள், அல்லது என்.எச்.எல்-க்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.

அனுமதி: ஐரோப்பிய கிளப் அழைத்தால் யாரும் போகலாம். என்.எச்.எல் அணிகளின் பயிற்சிக் களமான ஏ.எச்.எல்-இல் பெரும்பாலும் இளையோருக்கே இடம்.

பணம்: ரஷ்யாவின் கசான் அணி வாரி இறைத்தது. என்.எச்.எல்-இன் தம்பா பே அணியின் லெகவாலியேரும் ரிச்சர்ட்ஸும் அங்கேதான் போனார்கள். ஏ.எச்.எல் சம்பளம் அதன் அருகில்கூட வராது.

ஆடுகளம்: இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஐரோப்பாவில் அகலம் சுமார் 30 மீட்டர், வட அமெரிக்காவில் 26. அகன்ற களத்தில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைக் கடத்த நேரம் கிடைக்கும். குறுகிய களத்தில் வட்டு வந்த மறுநொடியே எதிராளி மேலே விழுவான்.

ஆட்டங்கள்: அந்தப் பருவத்தில் சுவிஸ் லீக்கில் 44, ஏ.எச்.எல்-இல் 80.

என்.எச்.எல் நட்சத்திரங்களான தார்ன்டனும் நாஷும் டாவோஸ் அணியுடன் சுவிஸ் பட்டம் வென்றார்கள். 21 வயது ஸ்பெட்சா ஏ.எச்.எல்-இன் பிங்ஹாம்டன் அணியில் 117 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) குவித்து, அடுத்த பருவத்தில் என்.எச்.எல்-இல் ஒட்டாவாவுக்காக 90 எடுத்தார்.

பெயர் பெற்றவருக்கு ஐரோப்பாவே சரி. இடம் உறுதியாகாத இளைஞருக்கு, சம்பளம் குறைந்தாலும், ஏ.எச்.எல்தான்.